நாலாவது ஆள்

நோராவின் கட்டை விரல் கைப்பேசிக்கு அரை அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றது. திரையில் தெரிந்த பச்சைப் பொத்தானை அமுக்கினால் வேலை முடிந்தது. சிங்கப்பூருக்கு மூன்று டிக்கெட், போகவும் வரவும். சாந்தோமில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அமுக்கு டீ. இப்படியே பாத்துண்டு இருந்தா பிளேன் கிளம்பிப் போயிடும்,” என்றாள் நீரஜா.

“பிஸ்மில்லான்னு சொல்லி அமுக்கு,” என்றாள் ஆஃப்ரீன்.

நோரா சிலுவை போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று நீரஜா கபாலீஸ்வரரையும் ஒரு தரம் நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத்தான், டீத் தட்டோடு வந்து நின்ற பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள்.

“ஏம்மா, மூணு பேராவா போறீங்கோ?”

பேச்சியம்மாள் இரண்டு வருஷமாக அந்த வீட்டில் சமைக்கிறாள். காலையில் பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சமையலைத் தவிர மற்ற விஷயங்களில் கருத்துச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. அதனாலேயே மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா பேச்சி. ஏன்?”

“மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போவக் கூடாதும்மா. வெளங்காது. எங்க வூட்டாண்ட மூணு பேரு திருப்பதிக்குப் போய்க்கினு இருந்தாங்கோ. ரேணிகுண்டால டீ குடிக்க இறங்குனாங்கோ. வண்டி பூட்ச்சு. மூட்டைங்க மட்டும் திருப்பதிக்குப் போய்ச் சேந்துச்சு.”

டீயை வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நோராவின் விரல் பொத்தானை அமுக்கவில்லை. மெல்ல மடங்கி உள்ளங்கைக்குள் போனது.

“இதெல்லாம் மூட நம்பிக்கை,” என்றாள் நோரா.

“சுத்த மூட நம்பிக்கை,” என்றாள் ஆஃப்ரீன்.

“யார் நம்பறா இதையெல்லாம்?” என்றாள் நீரஜா.

ஒருவரும் பொத்தானை அமுக்கச் சொல்லவில்லை.

இந்த மூன்று பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மூவரும் ஒரே நாளில் தொலைபேசி இலாகாவில் ட்ரங்க் கால் ஆபரேட்டர்களாகச் சேர்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தார்கள். “சிங்கப்பூர் லைன்ல இருக்கு, பேசுங்க” என்று நோரா சொல்லியிருப்பது பத்தாயிரம் தடவைக்குக் குறையாது. ஊரையெல்லாம் கடல் தாண்டிப் பேச வைத்தவர்கள், தாங்கள் சாந்தோம் கடலில் முழங்கால் நனைத்ததோடு சரி. ட்ரங்க் கால் காலம் முடிந்து ஆளுக்கொரு பிரிவுக்குப் போனபோதும் மத்தியானம் டிபன் பாக்ஸ் மட்டும் ஒரே இடத்தில்தான் திறந்தது. விருப்ப ஓய்வு வாங்கியதும் மூவரும் சேர்ந்தேதான்.

இப்போது நீரஜாவின் மகன் அம்மாவை மெல்போர்னுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறான். மந்தைவெளி ஃபிளாட்டை விற்றாயிற்று. மாசி மாதம் விமானம். இனிமேல் நீரஜா சென்னைக்கு வந்தால் விருந்தாளியாகத்தான் வருவாள். இதை நினைக்கும்போதெல்லாம் நோரா காலண்டரை எடுத்து நாட்களை எண்ணுவாள். போவதற்கு முன்னால் மூன்று நாள், மூன்று பேர் மட்டும், எங்காவது தூரமாகப் போய் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேச வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தேதி பிடிக்கவே நான்கு மாதம் ஆயிற்று. நோராவுக்குத் தவக்காலம், ஆஃப்ரீனுக்கு ரமலான், நீரஜாவுக்கு மார்கழிக் கச்சேரி, மாமனார் திதி. எல்லாவற்றுக்கும் நடுவில் தை மாதக் கடைசியில் மூன்றே மூன்று நாள் காலியாகக் கிடந்தது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது சரிதான். ஆனால் பிறந்த வழியில் பேச்சியம்மாள் இப்படி ஒரு கல்லைப் போட்டுவிட்டாள்.

“தொண்ணூத்தி நாலுல மகாபலிபுரம் போனோமே, ஞாபகம் இருக்கா?” என்று ஆஃப்ரீன் மெதுவாக ஆரம்பித்தாள்.

மூன்று பேருக்கும் ஞாபகம் இருந்தது. பஸ் பாலவாக்கத்தில் படுத்துவிட்டது. நாள் முழுக்கப் பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, வேர்க்கடலை தின்று, சிரித்துவிட்டு வந்தார்கள். சிற்பம் ஒன்றையும் பார்க்கவில்லை.

“அன்னிக்கும் நாம மூணு பேர்தான்,” என்றாள் நீரஜா.

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நோராவின் கணவர் மேத்யூ தலையைத் தூக்கினார்.

“பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேர்தான் உலகத்தையே நடத்துறாங்க. உங்களால சிங்கப்பூர் போக முடியாதா?”

“அவங்க பஸ்ல போகலை,” என்றாள் நோரா.

பரிகாரம் நீரஜாவுக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேராகப் போக வேண்டி வந்தால் கூடவே ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். கல் நாலாவது ஆளாகக் கணக்கு. அவள் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான்.

“ஏர்போர்ட்ல பையை ஸ்கேன் பண்ணி, 'இது என்ன மேடம்'னு கேட்டா என்ன சொல்லுவீங்க? 'எங்க ஃப்ரெண்டு'ன்னா?” என்று கேட்டார் மேத்யூ.

இருந்தாலும் நோரா கடற்கரைக்குப் போய் வழுவழுவென்று ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி வந்தாள். அதற்குள் நீரஜாவுக்கு ஒரு சந்தேகம் முளைத்து, தன் வீட்டு வாத்தியாருக்குப் போன் போட்டுவிட்டாள். வாத்தியார் யோசித்துப் பதில் சொன்னார்: “உள்ளூர்னா கல்லு போதும். சமுத்திரம் தாண்டறேள்னா, உசிருள்ள நாலாவது ஆள் இருக்கறது உத்தமம்.”

உள்ளூர் காலுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் காலுக்கு வேறு கட்டணம் என்று முப்பது வருஷம் ஊருக்குச் சொன்னவர்கள். அந்த நியாயம் அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. கூழாங்கல் மேத்யூவின் பேப்பர் பறக்காமலிருக்க வைக்கப்பட்டது.

“நாலாவது ஆளு யாருன்னு பாத்தாச்சாம்மா?” என்று மறுநாள் பேச்சியம்மாள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“பாத்துக்கிட்டே இருக்கோம் பேச்சி.”

நாலாவது ஆளுக்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று மூவரும் பேசி முடிவு செய்தார்கள். அதிகம் பேசக் கூடாது. சீக்கிரம் தூங்க வேண்டும். பழைய கதை பேசும்போது நடுவில் வந்து “அது யாரு?” என்று கேட்கக் கூடாது. கூட வர வேண்டும், ஆனால் வந்தது தெரியக் கூடாது. சுருங்கச் சொன்னால் அந்தக் கூழாங்கல்லுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் எப்படியோ அப்படி.

நோராவுக்குத் தன் நாத்தனார் ஈவ்லின் நினைவு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். மேத்யூவின் தங்கை. பங்குக் கோவில் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகப் பாடுகிறாள். பாட்டைத் தவிர வேறெதற்கும் அவள் வாயைத் திறந்து நோரா பார்த்ததில்லை.

“உங்க தங்கச்சி சாது,” என்றாள் நோரா கணவரிடம்.

“அவளை நீ பஸ்ல பாத்ததில்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேத்யூ பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

ஈவ்லின் கேட்டவுடன் சம்மதித்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மாள் மறுபடியும் கேட்டாள். “கிடைச்சாச்சு பேச்சி! ஈவ்லின் வர்றா,” என்றாள் நோரா உற்சாகமாக. “அப்டியா,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைய ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

மறுநாள் காலை ஈவ்லினிடமிருந்து போன் வந்தது.

“அண்ணி, ஒரு சின்ன விஷயம். ஷீலா இல்லாம நான் எங்கயும் போனதில்ல. வேளாங்கண்ணிக்குக்கூட அவளோடதான். அவளும் வரட்டுமே?”

ஷீலா பாடகர் குழுவில் ஈவ்லினுக்குப் பக்கத்தில் நிற்பவள். சரி, ஐந்து பேர். ஐந்தில் ஒன்றும் தோஷமில்லை. ஆனால் ஓட்டலில் ஒரு அறைக்கு இரண்டு பேர். ஐந்து பேர் போனால் ஒருத்தி தனியாகப் படுக்க வேண்டும். தனியாகப் படுக்க ஒருவரும் தயாரில்லை. நீரஜா தன்னோடு நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும் தேவானையைச் சேர்த்தாள். ஆறு பேர்.

நோரா நிம்மதிப் பெருமூச்சு விட்ட இரண்டாவது நிமிஷம் ஆஃப்ரீன் கூப்பிட்டாள். அவள் கடைசி பத்து வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவள். எண்ணைச் சும்மா விட மாட்டாள்.

“நோரா, ஆறு பேர் ஒரே டாக்ஸில ஏற முடியாது இல்ல?”

“முடியாது. ரெண்டு டாக்ஸி.”

“ஒரு டாக்ஸிக்கு எத்தனை பேர்?”

நோரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு மூணைத் தவிர்க்கப் போய் இப்போது இரண்டு மூணு வந்து சேர்ந்திருந்தது.

“ஏழு பேர்னா நாலும் மூணும். அதுவும் ஆகாது. எட்டுன்னா நாலு நாலு. என் நாத்தனாருங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க,” என்றாள் ஆஃப்ரீன்.

எட்டு ஆயிற்று.

எட்டு பேருக்கு டிக்கெட்டைக் கைப்பேசியில் போடும் தைரியம் நோராவுக்கு இல்லை. தி. நகர் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மாடியில் ரகுபதி என்பவர் டிராவல்ஸ் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மேஜை மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் விமானம். விஷயத்தைக் கேட்டதும் கையைக் கூப்பினார்.

“எட்டா மேடம்? என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க! பத்து பேர் இருந்தா குரூப் டூர். வண்டி, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்ந்து வந்துடும். ரெண்டே ரெண்டு பேர் மேடம்.”

“வேண்டாம் சார். எட்டே போதும்,” என்றாள் நோரா உறுதியாக.

ஆனால் பக்கத்து நாற்காலியில் ஈவ்லின் உட்கார்ந்திருந்தாள். துணைக்கு வருகிறேன் என்று வந்தவள். முப்பது வருஷம் பாட்டுக்கு மட்டுமே திறந்த வாய் அன்று வேறு காரியத்துக்குத் திறந்தது.

“ரெண்டு பேர்தானே? ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் சொன்னா ஆச்சு,” என்றாள்.

அவள் சொன்னாள். பூசைக்குப் பிறகு கோவில் வாசலில், காபி மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். தேவானை பூங்காவில் சொன்னாள். ஆஃப்ரீனின் நாத்தனார்கள் ஒரு நிக்காஹ் விருந்தில் பிரியாணிக்கும் பிர்னிக்கும் நடுவில் சொன்னார்கள். அடுத்த புதன்கிழமை கணக்கெடுத்தபோது இருபத்தொரு பேர் இருந்தார்கள்.

ஈவ்லின் வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்தாள். அதற்கு 'சிங்கப்பூர் சிங்கங்கள்' என்று பெயர் வைத்தாள். காலை ஐந்து மணிக்கு ஒரு ஜெபம், ஐந்தேகாலுக்கு ஒரு ஸ்லோகம், ஐந்தரைக்கு ஒரு துஆ, ஆறு மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு இருபத்தொரு குட் மார்னிங். பயணத் திட்டமும் அதில்தான் வந்தது. மூன்று நாளில் பதினான்கு இடம். முதல் நாள் எல்லோருக்கும் மஞ்சள் புடவை, இரண்டாம் நாள் நீலம். இறங்கும் இடத்திலெல்லாம் தலை எண்ணும் பொறுப்பு நோராவுக்கு. புளிக்காய்ச்சல் நீரஜா. மாத்திரை டப்பா ஆஃப்ரீன்.

“தலைவி யாரு?” என்று கேட்டார் மேத்யூ.

“உங்க தங்கச்சி. கொடி தைக்கக் குடுத்திருக்கா.”

“நான்தான் சொன்னேனே, அவளை நீ பஸ்ல பாத்ததில்லைன்னு.”

நோரா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பகலெல்லாம் மஞ்சள் புடவையோடு மந்தையில் அலைந்தாலும் ராத்திரி அறைக்கு வந்த பிறகு மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கலாமே என்பது அவள் கணக்கு. அதையாவது காப்பாற்றிக்கொள்ள ரகுபதியிடம் ஓடினாள்.

“சார், எனக்கு, நீரஜாவுக்கு, ஆஃப்ரீனுக்கு ஒரே ரூம். ஒரு கட்டில் கூடுதலா போட்டுடுங்க.”

ரகுபதியின் முகம் மாறியது.

“மூணு பேரா? ஒரே ரூம்லயா? மேடம், நான் பிசினஸுக்காகச் சொல்லலை. எங்க வீட்டுல பஜ்ஜி போட்டாக்கூடத் தட்டுல மூணு வைக்க மாட்டோம். அதுவும் இல்லாம நீங்க மூணு பேரும் பொறுப்பாளருங்க. ஆளுக்கொரு மாடில இருந்தாத்தானே கூட வர்றவங்களுக்கு ஒரு தைரியம்? ஈவ்லின் மேடம் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டாங்க.”

நோராவுக்கு நாலாவது மாடி, ஷீலாவோடு. ஷீலா தூக்கத்தில் பாடுவாள் என்பது பங்கு முழுவதும் அறிந்த செய்தி. ஆஃப்ரீன் ஆறாவது மாடி. நீரஜா ஒன்பதாவது மாடி, தேவானையோடு. தலைவி என்பதால் ஈவ்லினுக்கு மட்டும் தனி அறை.

மாடிப்படியில் இறங்கும்போது நோரா கைப்பேசியை எடுத்து நீரஜாவோடு பேசிய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். மூன்று வாரமாக இரண்டு பேரும் எழுதிக்கொண்டது பூராவும் சைவச் சாப்பாடு எத்தனை, அசைவச் சாப்பாடு எத்தனை, மூட்டுவலிக்காரர்கள் எத்தனை என்பதுதான். மெல்போர்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்குப் பயமாக இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. நாட்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. பாண்டி பஜார் கூட்டத்தில் நின்று நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புடவை வாங்க வந்த ஒரு அம்மாள், பர்ஸ் தொலைந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

புறப்பட ஆறு நாள் இருக்கும்போது ரகுபதி மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார்.

“சின்னச் சிக்கல் மேடம். அந்த ஊர் வண்டிக்கு இருபது சீட்டுதான். ஒரு சீட்டு இடிக்குது. ஒருத்தர் நின்னுட்டா சரியா இருக்கும். இல்லன்னா நாற்பது சீட்டு பஸ் எடுக்கணும்.”

“எடுத்தா?”

“ஈவ்லின் மேடம் அதைத்தான் சொல்றாங்க. பத்தொன்பது சீட்டு காலியா போகக் கூடாதாம். பரங்கிமலைப் பாடகர் குழு ரெடியா இருக்காம்.”

நோரா கண்ணை மூடினாள். நாற்பது தலைகள், நாற்பது மஞ்சள் புடவைகள் தெரிந்தன. கண்ணைத் திறந்தபோது முடிவெடுத்திருந்தாள். தான் ஒருத்தி நின்றுவிட்டால் இருபது. நீரஜாவும் ஆஃப்ரீனும் போய்வரட்டும். அவர்கள் இரண்டு பேருக்காவது கொஞ்சம் பேச நேரம் கிடைக்கும். தனக்கு, நீரஜா திரும்பி வந்து கிளம்பும்வரை உள்ள நாட்கள் போதும். போதாதுதான். இருந்தாலும் போதும்.

“சார், நான் வரலை. ஆனா இதை நீரஜாகிட்டயும் ஆஃப்ரீன்கிட்டயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா அவங்களும் நின்னுடுவாங்க. ஏர்போர்ட்ல வந்து நானே சொல்லிக்கிறேன்.”

ரகுபதி பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரிங்க மேடம். வாக்குன்னா வாக்கு.”

புறப்படும் நாள் காலை ஒன்பது மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலைய வாசல் மஞ்சள் பூத்திருந்தது. ஈவ்லின் கொடியோடு நடுவில் நின்றாள். மேத்யூவின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட்டோடு, முகத்தில் வேண்டிய அளவு வேதனையை வரவழைத்துக்கொண்டு நோரா டாக்ஸியிலிருந்து இறங்கினாள்.

எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது. காலில் கணுக்கால்வரை பாண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆஃப்ரீன் நொண்டி நொண்டி இறங்கினாள்.

“ஐயோ, என்னடி ஆச்சு?” என்று நோரா ஓடினாள். பெல்ட் கட்டிய இடுப்பு ஓடக் கூடாது என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

“பாத்ரூம்ல வழுக்கிடுச்சு. நான் வரலை நோரா. நீயும் நீரஜாவும் போய்ட்டு வாங்க... அது சரி, உன் இடுப்புக்கு என்ன?”

நோரா பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு இருமல் கேட்டது. முகத்தில் மாஸ்க், கழுத்தில் மப்ளர், தலையில் சால்வை. கண்ணை வைத்துத்தான் நீரஜா என்று தெரிந்தது.

“நேத்து ராத்திரிலேர்ந்து ஒரே ஜுரம்,” என்று ஆரம்பித்தவள் பெல்ட்டைப் பார்த்தாள். பாண்டேஜைப் பார்த்தாள். இருமலை நிறுத்திவிட்டாள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆஃப்ரீன், நீ இறங்கறப்ப வலது காலை இல்ல நொண்டினே? பாண்டேஜ் இடது கால்ல இருக்கு,” என்றாள் நீரஜா.

ஒரு ஓரமாகப் பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற ரகுபதியை நோக்கி மூவரும் திரும்பினார்கள்.

“மேடம், மூணு பேரும் ஒரே நாள்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சொன்னீங்க. மூணு பேரும் 'மத்த ரெண்டு பேர்கிட்ட சொல்லாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டீங்க. நான் சொல்லலை.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே சார்!” என்றாள் ஆஃப்ரீன்.

“வாக்குக் குடுத்துட்டேனே மேடம். முப்பது வருஷம் டெலிபோன்ல இருந்தவங்க. ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர்கிட்ட சொல்லலாமான்னு உங்களுக்குத் தெரியாததா?”



“அண்ணி! பதினெட்டு பேர்தானா? ரொம்ப நல்லதாப் போச்சு. வண்டில ரெண்டு சீட்டு மிச்சம், புளியோதரையை வெச்சுக்கலாம்!” என்று ஈவ்லின் தூரத்திலிருந்து கத்தினாள். நீரஜா கையிலிருந்த புளிக்காய்ச்சல் டப்பாவை ஷீலா வந்து வாங்கிக்கொண்டாள். கொடி உயர்ந்தது. பதினெட்டு மஞ்சள் புடவைகள் கண்ணாடிக் கதவுக்குள் ஒவ்வொன்றாகப் போய் மறைந்தன. பழக்க தோஷத்தில் நோரா தலை எண்ணினாள். சரியாக இருந்தது.

முதலில் சிரித்தது யார் என்று பிறகு மூன்று பேருக்கும் நினைவில்லை. விமான நிலைய வாசலில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, பெல்ட் அவிழ, பாண்டேஜ் அவிழ, மாஸ்க் நனைய அவர்கள் சிரித்ததைக் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனாள்.

“நம்ம வீட்டுக்கே வாங்க டீ. ரெண்டு பேர் வீட்லயும் மூணு நாள் ஊர்ல இல்லைன்னுதானே சொல்லி வெச்சிருக்கீங்க?” என்றாள் நோரா.

மேத்யூவின் முகம் வாடியது. இடுப்பு வலியோடாவது நோரா போய்விடுவாள் என்றுதான் அவர் நம்பியிருந்தார். மூன்று நாள் தனி ஆட்சிக்காக அவர் கிரிக்கெட்டும் மாட்டுக்கறி வறுவலும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஆனாலும் நல்ல மனிதர். வீட்டுக்கு வந்ததும் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குக் குடி போனார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் பாயை விரித்துப் படுத்தார்கள். ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்தது. கைப்பேசிகளை அணைத்து அலமாரியில் போட்டாயிற்று. பத்து மணிக்கு ஆரம்பித்த பேச்சு நாலு மணிக்கும் நிற்கவில்லை.

“பயமா இருக்குடீ,” என்றாள் நீரஜா திடீரென்று, மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடியே. “அங்க நேக்கு யாரைத் தெரியும்? பேரன் இங்கிலீஷ்ல பேசறான், பாதி புரியலை. சாயங்காலம் நாலு மணி ஆனா யார்கிட்ட பேசுவேன்?”

“என்கிட்ட பேசு. இப்பத்தான் லைனுக்கு யார்கிட்டயும் கேட்டு நிக்க வேண்டாமே,” என்றாள் நோரா. 

“ரெண்டு பேர் பேசறதை நான் ஒட்டுக் கேப்பேன்,” என்றாள் ஆஃப்ரீன். “அந்தக் காலத்துல கேக்காததையா?”

மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நோரா கேட்டது இதைத்தான். கேட்டபடியே கிடைத்துவிட்டது. கடல் தாண்டாமலேயே கிடைத்தது என்பதில் அவளுக்கு இப்போது ஒரு வருத்தமும் இல்லை.

பேச்சியம்மாள் டீத் தட்டோடு வந்தாள். மூன்று டம்ளரையும் பாய் ஓரத்தில் வைத்தாள். கிளம்பும் நேரம் என்பதால் பையும் தோளில் தொங்கியது. நோராவுக்கு அவளைக் கொஞ்சம் சீண்ட வேண்டும்போல இருந்தது.

“எல்லாம் உன்னாலதான் பேச்சி. நீ அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னே. நாலாவது ஆளைத் தேடப் போய் ஊரே கிளம்பிப் போயிடுச்சு. நிஜமாச் சொல்லு, நாங்க மூணு பேரா போயிருந்தா என்னதான் ஆகியிருக்கும்?”

பேச்சியம்மாள் காலித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னாம்மா ஆவப் போவுது, ஒண்ணும் ஆவாது. எட்டு வருசம் சிங்கப்பூர்ல வூட்டு வேல செஞ்சவ நானு, பாஸ்போட்டு கூட கைல கீது. நாலாவது ஆளு வேணும்னா என்னக் கேப்பீங்கன்னுதான் அப்டிச் சொன்னேன்.”